கைப்பிடி: இரண்டாம் பாகம்

அந்த நிறுவனத்தில் ஒரு காலத்தில் ஏதாவது உடைந்தால் சரிசெய்துவிடுவார்கள். நாகரிகம் எட்டிப் பார்க்காத காலம். குழாய் ஒழுகினால் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு போன் போடுவார்கள். ஃபிட்டர் வருவார், வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டே யாரையோ திட்டுவார், ஒழுகுவது நின்றுவிடும். இந்தக் காட்டுமிராண்டித்தனத்துக்கு முடிவு கட்டத்தான் ஏழாம் மாடியில் காணொளித் துறை திறக்கப்பட்டது.

திறப்பு விழாவில் தலைமைக் காட்சி அதிகாரி பேசினார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு மைக் கிளிப் தொங்கும். அது வேலை செய்யாவிட்டாலும் தொங்கும். “சொன்னா மறந்துடுவாங்க. எழுதினா படிக்கமாட்டாங்க. காட்டினாதான் நிக்கும். இனிமே இந்த நிறுவனத்துல ஒரு விஷயம் நடந்துச்சுன்னா அது காணொளில இருக்கணும். காணொளில இல்லன்னா அது நடக்கல” என்றார். பலத்த கைதட்டல். கைதட்டல் முந்தின வாரமே பதிவு செய்யப்பட்டிருந்தது.

அன்று முதல் விடுப்பு வேண்டுமானால் காணொளி. நாற்காலி வேண்டுமானால் காணொளி. “எனக்குக் காணொளி எடுக்க வராது” என்று சொல்வதற்கும் காணொளி. மாடிப்படியில் பாதுகாப்பாக ஏறுவது எப்படி என்ற காணொளியை மாடிப்படியிலேயே ஓடவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஏறியவர்களில் பலர் முதலுதவி அறைக்கு இறங்கினார்கள். தலைமைக் காட்சி அதிகாரியின் காலைச் செய்தி ஓடும்போது மற்ற எதுவும் ஓடாது. வலையமைப்பு முழுவதையும் அவர் முகமே அடைத்துக்கொள்ளும். வாசல் கேட் திறக்காது, லிஃப்ட் நகராது. தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்லிப் பின்னால் ஒரு காணொளி போட வேண்டியிருக்கும். பராமரிப்புப் பிரிவில் இருந்த ஃபிட்டர்கள் எல்லோருக்கும் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு கேமரா கொடுத்தார்கள். கேமராவைப் பிடித்தாலே கைநடுங்கும் ஒருவர் மட்டும் ஃபிட்டராகவே மிஞ்சினார்.

இந்தப் பொற்காலத்தில்தான் மூன்றாம் குளிரறையின் உள்கைப்பிடி உடைந்தது.

குளிரறை என்றால் சும்மா இல்லை. மலைபோல் உறைபட்டாணி மூட்டைகள் அடுக்கிய, மூச்சை விட்டால் மூச்சே கீழே விழுந்து உடையும் இடம். அதன் கதவு தன் பாரத்திலேயே மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்கலாம். உள்ளே மாட்டிக்கொண்டவன் திறப்பதற்கென்று உள்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு. அது இப்போது கையோடு வந்துவிட்டது. கதவுக்கு முட்டுக் கொடுத்தால் அலாரம் ஊரைக் கூட்டும், காவலாளி ஓடிவந்து முட்டுக்கட்டையை எட்டி உதைப்பான்.

கிடங்கு மேற்பார்வையாளரை எல்லோரும் ‘கிடங்கு’ என்றே கூப்பிடுவார்கள். அவருக்கு இதில் ஒரு சொந்தச் சங்கடம் இருந்தது. அந்த அறைக்குள் மூட்டை அடுக்குகிறவன் அவர் மனைவியின் தம்பி. ஒல்லி, உயரம், பெயர் ஒட்டடை. வேலைக்குச் சேர்த்துவிட்டதே கிடங்குதான்.

“அவன ஐஸ்கட்டியா வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தாதீங்க” என்றாள் மனைவி. “எனக்கு இருக்கிறது ஒரே தம்பி.”

“நான்தான் வெளிய நிக்கிறேனே. அவன் தட்டினா திறந்துவிடுறேன்.”

“எத்தன நாளைக்குக் கதவுகிட்டயே நிப்பீங்க? கைப்பிடிய மாத்தச் சொல்லுங்க.”

கிடங்கு மாத்தச் சொன்னார். போனில் எட்டு வினாடிக்கு ஒரு காணொளி எடுத்தார். “இது கதவு. இது கைப்பிடி. உடைஞ்சுபோச்சு. உள்ள இருக்கிறவன் வெளிய வர முடியாது. மாத்துங்க.”

உடனே பதில் வந்தது. அதுவும் காணொளியில்தான். ஒரு பெண் சிரித்தபடியே அவருடைய காணொளி நிராகரிக்கப்பட்ட காரணங்களைச் சொன்னாள். தொடக்க இசை இல்லை. நெட்டுக்குத்தாக எடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றரை நிமிடத்துக்குக் குறைவான துயரம் ஏற்கப்படாது. மறுபடி அனுப்புமுன் ‘காணொளி அனுப்புவது எப்படி’ என்ற பயிற்சிக் காணொளியை முழுதாகப் பார்க்க வேண்டும்.

அந்தப் பயிற்சிக் காணொளிக்குக் கண் உண்டு. பார்க்கிறவர் பார்வையைத் திருப்பினால் முதலிலிருந்து தொடங்கும். கிடங்கு தும்மினார், முதலிலிருந்து. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், முதலிலிருந்து. கடைசிக் கட்டத்தில் இமைத்துத் தொலைத்தார். மூன்றாம் நாள் முடித்தபோது அவருக்குக் காணொளி அனுப்புவது எப்படி என்பது மட்டும் தெரியாமலிருந்தது. மற்றபடி தலைமைக் காட்சி அதிகாரியின் இளமைப் பருவம் மனப்பாடம்.

நேரில் போய்விடலாம் என்று ஏழாம் மாடிக்கு ஏறினார். ஒட்டடையிடம், “நான் வர்றவரைக்கும் உள்ள போகாத மாப்ள” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

“லாரி வந்துட்டா?”

“நிக்கட்டும்.”

“லாரிய நிக்க வச்சா நான் காணொளி போடணும் மாமா. அதுக்கு உள்ளயே கிடந்துடலாம்.”

ஏழாம் மாடியில் வகைப்படுத்தும் அதிகாரி அவரை உட்கார வைத்தார். எதிரே பெரிய திரை. அதில் வகைகள் மின்னின: வெற்றிக் கதைகள், ஊக்கம், குடும்ப உணர்வு, தலைவர் பேசுகிறார், தலைவர் மீண்டும் பேசுகிறார்.

“பழுதுன்னு ஒரு வகை இல்லையா சார்?”

வகைப்படுத்துபவர் புண்பட்டுப்போனார். “நம்ம நிறுவனத்துல பழுது கிடையாதே. இல்லாததுக்கு எப்படி வகை போடுறது? போன வருஷம் ஒருத்தர் கூரை ஒழுகுதுன்னு அனுப்பினார். ‘இயற்கையோடு இணைவோம்’ல போட்டோம். நல்லாப் போச்சு.”

“கூரை?”

“காணொளி.”

அந்த நேரத்தில் தலைமைக் காட்சி அதிகாரியே உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கண்ணை மூடினார். “திறக்காத கதவு” என்றார். “உள்ள ஒரு மனுஷன். வெளிய ஒரு மனுஷன். நடுவுல குளிர். இதுல ஒரு பிடிப்பு இருக்குய்யா.”

“பிடிப்பு இல்ல சார், பிடிதான் உடைஞ்சிருக்கு.”

“அற்புதம். இதையே கேமரா முன்னாடி சொல்லுங்க.”

விளக்குகள் எரிந்தன. கிடங்கின் முகத்தில் யாரோ பவுடர் அடித்தார்கள். ஒன்றரை நிமிடம் பேசச் சொன்னார்கள். முக்கால் நிமிடத்தில் சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது. மிச்ச முக்கால் நிமிடத்துக்கு அவரிடம் கோபம் மட்டுமே கையிருப்பில் இருந்தது. “ஒரு கைப்பிடிய மாத்த இவ்வளவு கூத்தா? சும்மா சொல்லக்கூடாது சார், படம் காட்டுறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல” என்று கொட்டிவிட்டு எழுந்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார்.

மறுநாள் காலை லிஃப்டில் அவர் முகம் இருந்தது. உணவறையில் இருந்தது. கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்துக்கு மேலே இருந்தது. எல்லாத் திரையிலும் பவுடர் பூசிய கிடங்கு, பின்னணியில் எழுச்சியூட்டும் இசை. “படம் காட்டுறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல.” கீழே பெரிய எழுத்தில்: ஓர் எளிய ஊழியரின் மனம் திறந்த பாராட்டு.

ஏழாம் மாடியில் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பொருள் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் படம் எடுக்கிறவர்கள், எடுத்ததைக் காட்டுகிறவர்கள். அதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒருவர் தானாக முன்வந்து சொல்கிறார். வசன எழுத்து போடும் பையன் ஒருவன் மட்டும் சந்தேகப்பட்டுத் தலைமைக் காட்சி அதிகாரியிடம் மெல்ல இழுத்தான்: “சார், வெளிய இத வேற மாதிரியும் சொல்வாங்க...”

“எப்படி?”

பையனுக்குச் சம்பள உயர்வு பாக்கியிருந்தது. “இன்னும் மரியாதையா சொல்வாங்க சார்” என்றான்.

கைப்பிடியைப் பற்றிச் சொன்ன முக்கால் நிமிடத்தை நீளம் கருதி வெட்டியிருந்தார்கள்.

கிடங்கு முதல் நாள் கூச்சப்பட்டார். இரண்டாம் நாள் கணக்குப் பிரிவுப் பெண்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பாக்கெட்டில் சீப்பு வைத்துக்கொண்டார். வீட்டில் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நின்றவரை மனைவி பார்த்தாள்.

“மூஞ்சில என்ன வெள்ளையா?”

“லேசா பவுடர். இன்னிக்கு பேட்டி இருக்கு.”

“கைப்பிடி?”

“பேசிட்டிருக்காங்க. பெரிய அளவுல பேசிட்டிருக்காங்க.”

“என் தம்பிய உள்ள விட்டுட்டு நீங்க வெளிய பல்ல காட்டிட்டிருக்கீங்க.” அவள் தோசைக்கரண்டியை வைத்த சத்தத்தில் கிடங்கு சீப்பைக் கீழே போட்டார்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை மிகையில்லை. கதவருகில் நின்று காவல் காக்க வேண்டியவர் இப்போது பாதி நாள் ஏழாம் மாடியில் இருந்தார். ஒட்டடை பட்டாணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, கதவு சாத்துவதற்குள் வெளியே பாய்ந்து வந்துகொண்டிருந்தான். காற்சட்டையின் பின்பக்கம் இரண்டு முறை கதவில் மாட்டிக் கிழிந்தது.

இதற்கிடையே அந்தக் கைநடுங்கும் ஃபிட்டர், யாரும் சொல்லாமலே, தன் பழைய புத்தியில் புதுக் கைப்பிடி ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றாம் குளிரறைக்கு வந்தார். கதவின் முன்னால் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காட்சித் தொடர்ச்சி அலுவலர்.

“எங்க போறீங்க?”

“கைப்பிடி மாத்த.”

“மாத்தக்கூடாது. முதல் பாகத்துல கைப்பிடி உடைஞ்சிருக்கு. ரெண்டாம் பாகம் இன்னும் எடுக்கல. நடுவுல நீங்க மாத்திட்டா தொடர்ச்சி என்னாகும்?”

“முதல் பாகத்துல கைப்பிடிய வெட்டிட்டாங்களே அம்மா.”

“வெட்டினதுலயும் உடைஞ்சுதான் இருக்கு.” அவள் உடைந்த இடத்தை மென்மையாகத் தூசி தட்டினாள். “இது இப்ப உங்க பிரிவுப் பொருள் இல்ல. எங்க அரங்கப் பொருள்.”

ஃபிட்டர் வாயில் திருகாணி இல்லாததால் தெளிவாகவே திட்டிவிட்டுப் போனார். புதுக் கைப்பிடி அவர் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

இரண்டாம் பாகத்துக்கான நாளும் வந்தது. பெரிய அரங்கில் நேரலை விழா. எல்லாக் கிளைகளும் பார்க்கும். எல்லா ஊழியரும் வந்தாக வேண்டும், முதலுதவி அறை நர்ஸ் உட்பட. லாரி வரவிருந்ததால் ஒட்டடைக்கு மட்டும் விலக்கு. கிடங்குக்குப் பொன்னாடை. மேடைக்குப் பின்னால் கல்யாண மண்டபம் அகலத்துக்கு ஒரு திரை. சூழல் காட்சிக்காக மூன்றாம் குளிரறைக்குள்ளும் ஒரு கேமராவை மாட்டி அதையும் நேரலையில் இணைத்திருந்தார்கள்.

நேரலை என்பதை ஏழாம் மாடி விளங்கிக்கொண்ட விதம் தனி. நேரலையில் தவறாக ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே மூவர் குழு ஒன்று நேரலையை முழுதாகப் பார்த்து, திருத்தி, இசை சேர்த்து, ஒப்புதல் கொடுத்த பிறகே அது நேரலையாக வெளியே போகும். முக்கால் மணி நேரம் ஆகும். அரங்கத்துத் திரைக்கும் இதே விதிதான்.

அதனால் தலைமைக் காட்சி அதிகாரி மேடையில் கர்ஜித்துக்கொண்டிருந்தபோது, அவர் பின்னால் இருந்த திரையில் துப்புரவுப் பெண்மணி அதே மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் திரையைத்தான் பார்த்தது. வருகைப் பதிவு திரையைப் பார்க்கும் கண்களுக்குத்தான். பெருக்கி முடித்தபோது அந்த அம்மாளுக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது. தலைமைக் காட்சி அதிகாரி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு குனிந்து வணங்கினார்.

“நாம யாருக்காக இதெல்லாம் செய்யறோம்?” என்று கேட்டார். “ஊழியருக்காகவா? ஊழியர் இன்னிக்கு இருப்பான், நாளைக்குப் போயிடுவான். காணொளி நிக்கும். பார்க்கிறவங்க இருக்கிறவரைக்கும் பிரச்சினை ஒரு சொத்து. தீர்த்துட்டா அதுல என்ன இருக்கு பார்க்க?”

கிடங்கு பொன்னாடையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது திரை மாறியது. மூன்றாம் குளிரறை. ஒட்டடை.

மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்புகிறான். கதவு சாத்தியிருக்கிறது. தள்ளுகிறான். தோளால் இடிக்கிறான். வாய் திறந்து மூடுகிறது, சத்தம் இல்லை. சத்தத்துக்குப் பதில் சோகமான வயலின். ஒட்டடை கேமராவைக் கண்டுகொண்டான். கிட்டே வந்து இரண்டு கையையும் ஆட்டினான். அரங்கில் பலர் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

“இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம்” என்றார் தலைமைக் காட்சி அதிகாரி. “எவ்வளவு இயல்பு பாருங்க.”

கிடங்கு தலையாட்டுவதை நிறுத்தினார். பையன் நடிக்கவில்லை. கீழே கிடங்கில் வேறு ஆள் கிடையாது, எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். இதற்கு மேல் இன்னொன்றும் மண்டையில் உறைத்தது. திரையில் தெரிவது இப்போது நடப்பதில்லை. முக்கால் மணிக்கு முன்னால் நடந்தது.

“சார், அவன் நிஜமாவே மாட்டிக்கிட்டான். யாரையாவது அனுப்பிக் கதவத் திறக்கச் சொல்லுங்க.”

“உஸ். ஃபிரேம்ல இருக்கீங்க.”

மேடை ஓரத்தில் மூவர் குழு நின்றிருந்தது. கிடங்கு அவர்களைப் பார்த்து அலறினார். “நீங்க இத அப்பவே பார்த்தீங்கல்ல?”

“பார்த்தோமே” என்றார் குழுவில் மூத்தவர். “ஒளி கொஞ்சம் கம்மி. மத்தபடி ஒப்புதல் கொடுத்துட்டோம்.”

கிடங்கு பொன்னாடையோடு மேடையிலிருந்து குதித்தார். அவர் வயசுக்கும் வயிற்றுக்கும் அது குதிப்பு இல்லை, சரிவு. தொடர்ச்சி அலுவலர் பொன்னாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த காட்சியில் அது வேண்டுமாம். பொன்னாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார். லிஃப்ட் நகரவில்லை, தலைமைக் காட்சி அதிகாரி பேசிக்கொண்டிருந்தாரல்லவா. படியில் ஓடினார். படியில் பாதுகாப்பாக இறங்குவது எப்படி என்று சுவர் சொல்லிக்கொண்டே வந்தது. அதையும் கெட்ட வார்த்தையால் ஒதுக்கிவிட்டு ஓடினார்.

கதவைத் திறந்தார். வெள்ளைப் புகை. மூட்டைகளுக்கு நடுவே மூட்டையோடு மூட்டையாக ஒட்டடை. காலிச் சாக்குகளை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு, மீசையில் பனியோடு, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். உதடு நீலம்.

“மா... மா.”

“பேசாத மாப்ள, பேசாத.” கிடங்கு அவனைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்தார். சட்டையைக் கழற்றிச் சுற்றினார். அழுதார். பவுடர் கோடு கோடாக வழிந்தது. “அக்காகிட்ட சொல்லாதடா.”

“சொ... சொல்லுவேன்” என்றான் ஒட்டடை. அப்போதுதான் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

முதலுதவி அறை பூட்டியிருந்தது. அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நர்ஸைத் தேடி அரங்கத்துக்கே போனார். வாசலில் காவலாளி விரலை உதட்டில் வைத்தான். “உஸ். முக்கியமான கட்டம் ஓடுது.” உள்ளே திரையில் ஒட்டடை சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தான். கூட்டம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் நர்ஸ் கைக்குட்டையும் கையுமாக இருந்தாள்.

“அம்மா, கொஞ்சம் வாங்க. இவனப் பாருங்க.”

“ஒரு நிமிஷம் இருங்க. அந்தப் பையன் என்ன ஆனான்னு தெரியல.”

“நா... நான்தாங்க அந்தப் பையன்” என்றான் ஒட்டடை.

நர்ஸ் அவன் பனிமீசையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவன் கையை எடுத்து நாடி பார்த்தாள், கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு. “பிழைச்சிருவானா?” என்று அவனிடமே கேட்டாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்த ஃபிட்டர் எழுந்தார். நர்ஸின் காலடியிலிருந்த சுடுதண்ணீர்க் குடுவையை எடுத்து ஒட்டடை வாயில் வைத்தார். பிறகு சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். “வாங்கய்யா. அந்தத் தொடர்ச்சி அம்மா இங்கதான் உக்காந்திருக்கு.”

மூவரும் கீழே போனார்கள். ஒட்டடையை வெயில் விழும் சரக்கு மேடையில் உட்கார வைத்தார்கள். ஃபிட்டர் நாலு திருகாணியைக் கழற்றினார், நாலைப் பூட்டினார். ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கிடங்கு உள்ளே நின்று கதவைச் சாத்தினார். கைப்பிடியைத் தள்ளினார். திறந்தது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்தார். நிமிர்ந்தபோது சுவரிலிருந்து சூழல் கேமரா சிவப்புக் கண்ணோடு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“போச்சு” என்றார் கிடங்கு. “அரங்கப் பொருள்ல கை வச்சதுக்கு மூணு பேருக்கும் வேலை போயிடும்.”

மறுநாள் ஏழாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. கிடங்கு பவுடர் இல்லாமல் போனார். தலைமைக் காட்சி அதிகாரி எழுந்துவந்து அவரைத் தழுவிக்கொண்டார். நீங்கள் கதவைத் திறந்து பையனைக் கட்டிப்பிடித்த இடத்தில் அரங்கமே எழுந்து நின்றது, எல்லாக் கிளையிலும் அழுதிருக்கிறார்கள், ஒட்டடைக்குச் சிறந்த துணை நடிகர் விருது என்றார்.

“அதுக்கு அப்புறம்?” என்று கிடங்கு கேட்டார்.

“அப்புறம் ஏதோ ஒரு ஆள் ஸ்பேனர வச்சிக்கிட்டு முதுகக் காட்டி நின்னாராம். குழு வெட்டிடுச்சு. உணர்வே இல்ல பாருங்க, அதுல.” மேசைமேல் விரலால் தாளம் போட்டார். “மூணாம் பாகத்துல கைப்பிடிய வச்சு இன்னும் ஆழமாப் போகலாம்னு இருக்கேன். அது உடைஞ்சபடியே இருக்கட்டும், தொடாதீங்க.”

“தொடமாட்டோம் சார்” என்றார் கிடங்கு.

எந்தக் காணொளியிலும் அந்தக் கைப்பிடி மாற்றப்படவில்லை. ஆகவே அது மாற்றப்படவே இல்லை. நிறுவனத்தைப் பொறுத்தவரை மூன்றாம் குளிரறை இன்றுவரை உள்ளிருந்து திறக்காது. ஒட்டடை மட்டும் தினமும் அதைத் திறந்துகொண்டு வெளியே வந்து, வெயிலில் நின்று பீடி பற்றவைக்கிறான்.